பாஸ் மீன்பிடியில் கோளாறு எங்கே? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஏரியிலிருந்து வெறுங்கையோடு திரும்புகிறவர் முதலில் குறை சொல்வது லூரின், அதாவது செயற்கை இரையின், நிறத்தை. அடுத்து வானிலையை. ரீலின் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகையும் லூருக்கு மேலே கட்டிய முடிச்சையும் கடைசியில்தான் பார்ப்பார். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

கீழே உள்ளவை அமெரிக்கா, கனடா ஏரிகளில் லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் பாஸ் என்னும் நன்னீர் மீன்களைப் பிடிக்கும் இரண்டு செட்டுகளுக்குப் பொருந்தும். ஒன்று, 7 அடி மீடியம் ஹெவி (விறைப்பு கூடிய) ராடில், அதாவது தூண்டில் கோலில், பெய்ட்காஸ்டர் ரீல். இன்னொன்று, 7 அடி மீடியம் ராடில் 2500 அளவு ஸ்பின்னிங் ரீல். உங்களுக்கு நடப்பதோடு ஒத்துப்போகும் தலைப்பிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி வீசிப் பாருங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

வீசியதும் ரீலில் நரம்பு கூடு கட்டுகிறது

பெய்ட்காஸ்டரில் ஸ்பூல் (நரம்பு, அதாவது தூண்டில் இழை, சுற்றிய உருளை) தானே சுழன்றுதான் நரம்பை வெளியே விடுகிறது. லூர் காற்றில் வேகம் இழக்கும்போது ஸ்பூலும் அதே அளவு வேகம் இழக்க வேண்டும். இழக்காவிட்டால், வெளியே போக வழியில்லாத நரம்பு ஸ்பூல் மேலேயே எழும்பிச் சுற்றிக்கொண்டு தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஆகிவிடும். இதற்குத்தான் பேக்லாஷ் என்று பெயர். எந்தக் கட்டத்தில் கூடு கட்டுகிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் காரணம் வேறு.

வீசிய மறுகணமே, லூர் ஐந்தாறு மீட்டர்கூடப் போகாமல் சிக்குகிறதா? கையை வெடுக்கென்று வீசுகிறீர்கள், அல்லது பிரேக் மிகக் குறைவு, அல்லது அந்த ரீலுக்கு லூர் எடை போதவில்லை. சாதாரண பெய்ட்காஸ்டர் 3/8 முதல் 1/2 அவுன்ஸ் வரை, அதாவது 10 முதல் 14 கிராம் வரை உள்ள லூரைச் சுகமாக வீசும். 7 கிராமுக்குக் கீழே போனால் ஸ்பின்னிங் ரீலை எடுங்கள். அந்த எடையோடு பெய்ட்காஸ்டரில் மல்லுக்கட்டுவது வீண் வேலை. லூர் ராடின் நுனியிலிருந்து ஒரு சாண் கீழே தொங்க வேண்டும். பின்னால் கொண்டுபோகும்போது ராடு வளைய நேரம் கொடுத்து, அந்த வளைவையே லூரைத் தள்ள விடுங்கள்.

பாதி வழியில் சிக்கினால் பெரும்பாலும் எதிர்க்காற்றுதான் காரணம். லூரை நிறுத்தும் காற்று ஸ்பூலை நிறுத்தாது. பிரேக்கை இரண்டு படி ஏற்றுங்கள். தலைக்கு மேலே வீசாமல் பக்கவாட்டில் தாழ வீசுங்கள்.

லூர் தண்ணீரைத் தொடும்போது மட்டும் சிக்கினால் பழியை ரீல் மேல் போடாதீர்கள். லூர் நின்றுவிட்டது, ஸ்பூலை நிறுத்த உங்கள் கட்டைவிரல் வரவில்லை. தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு நொடிக்கு முன்னால் விரல் ஸ்பூல் மேல் படிய வேண்டும். எந்தத் திருகும் இதை உங்களுக்காகச் செய்யாது.

திருகுகளைச் சரிசெய்யும் வரிசை:

1. வீசப்போகும் லூரையே கட்டுங்கள். வேறு லூர் கட்டினால் இந்த வரிசையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.
2. ராடை நெஞ்சு உயரத்தில் தரைக்கு இணையாகப் பிடித்து, ஸ்பூலை விரலால் அழுத்திக்கொண்டு, விடுவிக்கும் பட்டனைத் தட்டுங்கள்.
3. கைப்பிடிப் பக்கம், மீன் இழுக்கும்போது நரம்பை வழுக்கவிடும் நட்சத்திர வடிவ டிராகுக்கு அருகில் உள்ள சின்ன வட்டத் திருகுதான் ஸ்பூல் டென்ஷன். விரலை எடுத்ததும் லூர் நிதானமாக இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் ஸ்பூல் அரைச் சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது. அந்த இடம் வரும்வரை இறுக்குங்கள்.
4. மறுபக்கம் உள்ள பிரேக்கை முதலில் முக்கால் பங்குக்கு வையுங்கள். பத்து வீச்சு சிக்கில்லாமல் போனால் ஒரு படி குறையுங்கள். மறுபடி பத்து வீச்சு.

சில ரீல்களில் பிரேக் காந்தத்தால் வேலை செய்யும், சிலவற்றில் ஸ்பூலோடு சுழலும் சின்னக் கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு உரசி வேலை செய்யும். கட்டைப் பிரேக்கின் பிடி, ஸ்பூல் மிக வேகமாகச் சுற்றும் ஆரம்பத்தில்தான் பலமாக இருக்கும். வேகம் குறையக் குறைய அது சட்டென்று தளர்ந்துவிடும். காந்தத்தின் பிடி அவ்வளவு சட்டென்று தளராது. கட்டைப் பிரேக் ரீலில் வீச்சின் கடைசியில் அடிக்கடி சிக்குகிறது என்றால் காரணம் இதுதான். அங்கே விரல்தான் பிரேக்.

கை பழகிய பிறகு டென்ஷன் திருகைத் தளர்த்தலாம். ஸ்பூல் இடம் வலம் ஆடாத அளவுக்கு மட்டும் வைத்துவிட்டு, மற்றதைப் பிரேக்கிடமும் விரலிடமும் விட்டால் தூரம் கூடும்.

கட்டிய கூட்டைப் பிரிப்பது

கோபத்தில் நரம்பைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் கண்ணிகள் இறுகி, கத்தரிக்கோல்தான் வழி என்றாகிவிடும். முதலில் டிராகை முழுதாக இறுக்குங்கள். கட்டைவிரலைக் கூட்டின் மேல் நன்றாக அழுத்திக்கொண்டே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். அழுத்தம் விடாமல் சுற்றும்போது மேலே எழும்பிய கண்ணிகள் படிந்து இடம் கொடுக்கும். இப்போது பட்டனைத் தட்டி நரம்பை மெதுவாக இழுங்கள். நிற்கும் இடத்தில் மறுபடி அழுத்தி, சுற்றி, இழுங்கள். மூன்று நான்கு முறையில் பெரும்பாலான கூடுகள் பிரிந்துவிடும். பிரியாத ஒன்றில், குறுக்கே ஓடும் கண்ணி எது என்று கண்ணால் தேடி, அதை மட்டும் விரலால் தூக்குங்கள். ஊசியோ கத்தி முனையோ வேண்டாம், நரம்பில் கீறல் விழும்.

முடிந்ததும் டிராகைப் பழைய இடத்துக்குத் தளர்த்த மறக்காதீர்கள். இதை மறந்து அடுத்த பெரிய மீனில் நரம்பை அறுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். ஃபுளோரோகார்பன் வகை நரம்பு என்றால் பிரித்ததை விரலிடுக்கில் ஓடவிட்டுப் பாருங்கள். மடிந்து வெள்ளையாகத் தெரியும் இடம் பாதி அறுந்ததற்குச் சமம். அது லூரிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டருக்குள் இருந்தால் அங்கேயே வெட்டிவிடுங்கள்.

பழகும் நாட்களில் ஒரு வேலை செய்யலாம். நீங்கள் வீசும் அதிக தூரத்தை விட மூன்று மீட்டர் கூடுதலாக நரம்பை வெளியே இழுத்துவிட்டு, ஸ்பூலில் மிச்சமிருப்பதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, மறுபடி சுற்றுங்கள். எவ்வளவு மோசமான கூடு கட்டினாலும் டேப்புக்குக் கீழே இறங்காது. நரம்பும் 12 முதல் 15 பவுண்டு தாங்கும் மோனோவாக (ஒற்றை இழை நைலான்) இருக்கட்டும். மெலிந்த ஃபுளோரோ சுருள் விட்டு எழும்பும், மெலிந்த பிரெய்டு (இழைகளைப் பின்னிய நரம்பு) தன் அடுக்குக்குள் தானே புதையும். இரண்டும் பழகும் கைக்கு ஆகாது.

சிக்கவில்லை, ஆனால் தூரமும் போகவில்லை

பிரேக் அதிகமாக இருக்கலாம், அதை மேலே பார்த்தோம். பலரும் கவனிக்காதது ஸ்பூலில் நரம்பின் அளவு. விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே வரை நரம்பு இருக்க வேண்டும். பாதி ஸ்பூல் காலியாக இருந்தால் அதே தூரத்துக்கு ஸ்பூல் அதிகமாகச் சுற்ற வேண்டிவரும். விலை உயர்ந்த நரம்பை அடிவரை நிரப்ப வேண்டியதில்லை, அடியில் பழைய மோனோவைச் சுற்றி மேலே நல்லதைக் கட்டலாம். பிரெய்டுக்கு அடியில் மோனோ எப்படியும் வேண்டும். இல்லாவிட்டால் பிரெய்டு ஸ்பூலின் வழவழப்பில் மொத்தமாகச் சுழன்று, டிராக் கெட்டுவிட்டது என்று நினைக்க வைக்கும்.

நரம்பு சரியாக இருந்தும் ஸ்பூல் சொரசொரவென்று ஓடினால் பேரிங்கில் அழுக்கு. ஸ்பூலைக் கழற்றி, பேரிங்கைத் துடைத்து, ரீல் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. இரண்டு சொட்டு விட்டால் மறுபடி மந்தமாகும். பல்சக்கரங்களுக்குக் கிரீஸ், பேரிங்குக்கு எண்ணெய். மாற்றிப் போடக் கூடாது.

ஸ்பின்னிங் ரீலில் கண்ணி கண்ணியாக நரம்பு வருகிறது

நரம்பு முறுக்கேறியிருக்கிறது, அல்லது தளர்வாகச் சுற்றப்பட்டிருக்கிறது. முறுக்கு ஏறுவதற்கு மிகச் சாதாரணமான காரணம், மீன் டிராகை இழுத்து ஓடும்போது நீங்களும் கைப்பிடியைச் சுற்றுவது. கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 6.2 முறை சுழலும் 6.2:1 ரீலில், டிராக் வழுக்கிக்கொண்டிருக்கையில் ஒரு முறை சுற்றினால் நரம்பில் ஆறு முறுக்கு ஏறும். மீன் ஓடினால் கையை நிறுத்துங்கள். அது நின்றால் ராடைத் தூக்கி, இறக்கும்போது சுற்றுங்கள்.

இரண்டாவது காரணம், வீசியபின் கைப்பிடியைச் சுற்றியே பெய்ல் கம்பியை (நரம்பை ஸ்பூலுக்குத் திருப்பும் வளைந்த கம்பி) மூடுவது. அப்படி மூடினால் முதல் சுற்றிலேயே ஒரு தளர்ந்த கண்ணி ஸ்பூலில் உட்கார்ந்துகொள்ளும். நான்கு வீச்சு கழித்து அதுவே மற்றவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து முதல் வளையத்தில் அடைக்கும். பெய்லைக் கையால் மூடி, நரம்பை ஒருமுறை விரலால் இழுத்துவிட்டு, பிறகு சுற்றுங்கள்.

ஏறிவிட்ட முறுக்கை எடுக்க, லூரை வெட்டிவிட்டு வெறும் நரம்பை ஓடும் படகின் பின்னாலோ ஆற்றோட்டத்திலோ ஐம்பது மீட்டர் விட்டு ஓரிரு நிமிடம் இழுபட விடுங்கள். பிறகு விரலிடுக்கில் அழுத்தியபடி சுற்றுங்கள். முள்ளுக்குக் கீழே எடை தொங்கும் டிராப் ஷாட் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை ஓயாது. முள்ளுக்கு ஒன்றரை அடி மேலே ஒரு சின்ன சுழலி வைத்துவிட்டால் தீரும்.

புது நரம்பு ஏற்றும்போதே கவனித்தால் பாதித் தொல்லை வராது. நரம்புச் சுருளை லேபிள் மேலே தெரியும்படி தரையில் போட்டு இருபது சுற்று சுற்றி, ராடைத் தாழ்த்திப் பாருங்கள். தளர்ந்த நரம்பு முறுக்கிக்கொண்டால் சுருளைக் கவிழ்த்துப் போடுங்கள்.

நரம்பு அறுந்துவிட்டது

மீன் போன சோகத்தில் அறுந்த நுனியை வெட்டி எறிந்துவிடாதீர்கள். என்ன நடந்தது என்பது அந்த இரண்டு அங்குலத்தில் எழுதியிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தால் நரம்பு அறுபடவில்லை, முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. வாலை ஒட்ட வெட்டியிருப்பீர்கள், அல்லது பிரெய்டில் வழுக்கும் முடிச்சைப் போட்டிருப்பீர்கள். மோனோவில் நன்றாக நிற்கும் கிளிஞ்ச் முடிச்சு பிரெய்டில் நழுவும். பாலோமர் முடிச்சு போடுங்கள், வால் 3 மில்லிமீட்டர் விடுங்கள்.

நுனி சுருளாமல், முடிச்சு இருந்த இடத்துக்குச் சற்று மேலே நெளிநெளியாக வெளுத்திருந்தால் முடிச்சு கட்டும்போதே வெந்துவிட்டது. ஃபுளோரோகார்பனை உலர்வாக இறுக்கினால் உரசல் சூட்டில் பலம் போய்விடும். எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். பாலோமரில் இன்னொரு பொறி உண்டு. இரட்டை நரம்பு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குறுக்காக விழுந்தால் இறுகும்போது ஒன்றை ஒன்று அறுக்கும். பதினைந்து சென்டிமீட்டர் மடித்து லூரின் வளையத்தில் நுழைத்து, சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, லூரைக் கண்ணிக்குள் விட்டு, நனைத்து, நரம்புகள் இணையாகப் படிகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இரு முனையையும் சேர்த்து இழுக்க வேண்டும். குறுக்கே ஏறியிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். முப்பது நொடி வேலைதான்.

நுனியும் அதற்கு மேலே ஒரு அடியும் சொரசொரவென்று இருந்தால் பாறையிலோ கட்டையிலோ உரசியிருக்கிறது. வட அமெரிக்கப் பேரேரிகளில் ஜீப்ரா மட்டி படிந்த பாறைகள் நரம்பைச் சாணைக்கல் போல அரைக்கும். அங்கே ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், மாட்டி எடுத்த ஒவ்வொரு முறையும் கீழ் இரண்டடியை விரலால் தடவிப் பார்த்து, நகத்தில் தட்டுப்பட்டால் வெட்டிக் கட்டுங்கள்.

சவரக்கத்தியால் அறுத்ததுபோல் சுத்தமாக இருந்தால் உங்களிடம் வந்தது பாஸே இல்லை. பாஸின் வாய் உப்புத்தாள் மாதிரிதான், அறுக்கும் பல் கிடையாது. நார்தர்ன் பைக் போன்ற கூர்பல் மீன் வந்து போயிருக்கிறது.

மீனே இல்லாமல், வீசும்போதே அறுந்தால் ராடு வளையங்களைச் சோதியுங்கள். பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றுங்கள். பீங்கான் உள்வளையத்தில் வெடிப்பு இருந்தால் பஞ்சு நூல் அங்கே சிக்கி நிற்கும். வளையத்தை மாற்றும்வரை எந்த நரம்பு போட்டாலும் அந்த ராடில் அறும்.

அடிக்கிறது, முள் ஏறவில்லை

எது அடிக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டிக் டிக் டிக் என்று நிற்காமல் கொத்தினால், ரப்பர் புழுவின் வால் குட்டையாகித் திரும்பினால், அது புளூகில் போன்ற சிறு மீன். பாஸ் புழுவை உறிஞ்சும். கையில் ஒரே ஒரு ‘டொக்’ தெரியும், அல்லது நரம்பு சும்மா பக்கவாட்டில் நகரும். புளூகில் கொத்துகிற இடம் மோசமான இடமல்ல. பெரிய பாஸுக்கு அதுவே தீனி. ஜப்பானின் பீவா ஏரியில் 2009 ஜூலையில் மனாபு குரிட்டா பிடித்த, 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீனின் உலக சாதனையோடு சமமாக வைக்கப்பட்ட லார்ஜ்மவுத், உயிருள்ள புளூகிலுக்கு வந்ததுதான்.

‘டொக்’ என்று வந்தும் ஏறவில்லை என்றால் டெக்சாஸ் ரிக்கை (முள் முனையை ரப்பர் புழுவுக்குள் மறைக்கும் கட்டு) கையில் எடுத்துப் பாருங்கள். புழுவைப் பிடித்து அழுத்தினால் முள் முனை எளிதாக வெளியே வர வேண்டும். வராவிட்டால் புழு தடிமனுக்கு முள்ளின் வளைவு சிறியது. 6, 7 அங்குல மெலிந்த புழுவுக்கு 3/0 ஆஃப்செட் முள் போதும். கால், கொம்பு வைத்த தடித்த கிரீச்சர் வகை ரப்பருக்கு 4/0, அதுவும் அகல வளைவு உள்ளது. முனையை ரப்பரின் நடுவில் புதைக்காமல் மறுபக்கம் வெளியே கொண்டுவந்து, தோலை மட்டும் தொட்டு மறைத்துவையுங்கள். புழு முள்ளின் மேல் நேராகக் கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். கோணலாக இருந்தால் இழுக்கும்போது சுழன்று நரம்பை முறுக்கும், மீனும் நம்பாது.

அடுத்தது தளர்ச்சி. நரம்பில் தொய்வு இருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் தொய்வுதான் இறுகும், முள் நகராது. ராடைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுத்து, பாரம் தெரிந்ததும் மேலே ஓங்குங்கள்.

ரப்பர் தவளையின் கதை வேறு. அல்லி இலைப் பரப்பில் தண்ணீர் வெடித்துச் சிதறியதும் கை தானாக இழுத்துவிடும், தவளை முகத்துக்கு நேரே பறந்து வரும். தமிழ்நாட்டில் விராலுக்குத் தவளை வீசியவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. வெடிப்பைக் கண்டு இழுக்கக் கூடாது. தவளை மறைந்து, கையில் கனம் தெரிந்த பிறகு இழுக்க வேண்டும். அது ஒன்றிரண்டு நொடி தான், ஆனால் நீண்ட நொடி. நேரம் சரியாக இருந்தும் தவறினால் தவளையின் இரண்டு முள் முனைகளையும் குறட்டால் மிக லேசாக வெளிப்பக்கம் விரியுங்கள். உடலை அழுத்தினால் முனைகள் தாராளமாக வெளியே தெரிய வேண்டும். நரம்பு 50 முதல் 65 பவுண்டு பிரெய்டு, ராடு ஹெவி. மோனோவின் நெகிழ்ச்சியோடு இலைக்கூட்டத்திலிருந்து மீனை எடுக்க முடியாது. தவளை தாழ ஆரம்பித்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது, பிழிந்துவிட்டு வீசுங்கள். தவறிய மீனுக்கு அதே ஓட்டையில் எடை கட்டாத 5 அங்குலத் தடிப்புழுவை உடனே இறக்கினால் பல முறை எடுக்கும். அதை இன்னொரு ராடில் கட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும்.

ஏறியது, பாதி வழியில் கழன்றது

மும்முள் உள்ள, மீன் வடிவக் கடின லூர்களான கிராங்க்பெய்ட், லிப்லெஸ், ஜெர்க்பெய்ட் இவற்றில்தான் இது அதிகம். முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இலேசாக இழுங்கள். பிடித்து நின்றால் கூர், வழுக்கினால் மழுங்கல். மழுங்கிய முள்ளை அரம் போடுவதை விட அதே அளவு புதிய முள் மாற்றுவது நல்லது. அளவை ஏற்றினால் லூரின் ஆட்டம் கெடும்.

முள் கூராக இருந்தும் கழன்றால் ராடு விறைப்பு அதிகம். ஜிக்குக்கு (தலையில் எடை வார்த்த முள்) வாங்கிய விறைத்த ராடில் கிராங்க்பெய்ட் வீசினால், மீன் தலையை உதறும் ஒவ்வொரு முறையும் முள் துளை பெரிதாகும். நடுவரை வளையும் மாடரேட் ராடு, கண்ணாடி இழை கலந்தது, இந்த வேலைக்கு ஏற்றது. ரீலும் 5 அல்லது 6:1 இருந்தால் போதும். ஓங்கி அடிக்க வேண்டாம். பாரம் தெரிந்ததும் பக்கவாட்டில் நீளமாக இழுத்துச் சுற்றிக்கொண்டே இருங்கள்.

குதிக்கும்போது கழன்றால், நரம்பு மேலே எழும்புவதைக் கண்டதும் ராடு நுனியைத் தண்ணீருக்குத் தாழ்த்துங்கள். ஸ்மால்மவுத் லார்ஜ்மவுத்தை விட அதிகம் குதிக்கும்.

டிராகைக் கைக்கணக்கில் வைக்காதீர்கள். நரம்பை ஒரு ஸ்பிரிங் தராசில் கட்டி இழுத்து, நரம்பு பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வழுக்கும்படி வையுங்கள். 12 பவுண்டு நரம்புக்கு 3 முதல் 4 பவுண்டு. அடர்ந்த பாசியில் 65 பவுண்டு பிரெய்டு போடும்போது மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே டிராகைப் பூட்டிவிட வேண்டும். சீராக வழுக்காமல் திக்கித் திக்கி ஓடினால் டிராக் வாஷர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குளிர்காலம் முழுக்க இறுக்கியே வைத்ததன் பலன் அது.

கிராங்க்பெய்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது

பக்கத்தில் வீசி வேகமாகச் சுற்றிப் பாருங்கள். நேராக உங்களை நோக்கி வர வேண்டும். உங்கள் இடப்பக்கம் விலகினால், லூரின் மூக்கை உங்களை நோக்கிப் பிடித்து, நரம்பு கட்டும் வளையத்தை நோஸ் பிளையரால் உங்கள் வலப்பக்கம் மயிரிழை வளையுங்கள். வலப்பக்கம் விலகினால் இடப்பக்கம். வளையத்தைத் திருகக் கூடாது, பிளாஸ்டிக் பிளந்து தண்ணீர் புகும். ஒருமுறை வளைத்து ஒருமுறை வீசிப் பார்ப்பதுதான் முறை. முடிச்சு வளையத்தின் ஓரத்தில் ஒதுங்கியிருந்தாலும் இதேபோல் சாயும், ஆகவே குறட்டை எடுக்கும் முன் முடிச்சை நடுவுக்குத் தள்ளிப் பாருங்கள்.

எல்லா வீச்சும் மாட்டுகிறது

பாசியில் மாட்டினால் எடையைக் குறையுங்கள், புல்லட் எடையை நரம்புத் தடுப்பால் புழுவோடு ஒட்டிவையுங்கள். அப்போதுதான் எடை ஒரு பக்கமும் புழு ஒரு பக்கமும் கொடியில் தொங்காது. பாறையில் மாட்டினால் அதே திசையில் இழுக்க இழுக்க இன்னும் இறுகும். படகை மறுபக்கம் கொண்டுபோய், நரம்பை வில்நாண் போல விரலால் இழுத்துச் சுண்டிவிடுங்கள். பாதிக்கு மேல் வந்துவிடும். ராடை வளைத்து இழுக்காதீர்கள், நுனிதான் உடையும்.

எடை வாங்கும்போது டங்ஸ்டன் கைக்குக் கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். ஈயத்தைப் போல ஏறக்குறைய 1.7 மடங்கு அடர்த்தி, அதனால் அதே எடை சின்னதாக இருக்கும், சந்துகளில் குறைவாக மாட்டும், அடித்தரை மணலா கல்லா என்று கைக்குச் சொல்லும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈய எடைகளுக்கும் ஜிக்குகளுக்கும் தடை இருப்பதால் அங்கே அந்த அளவு ஈயத்தைப் போடவே முடியாது.

ஒன்றுமே தொடவில்லை

நிறத்தை மாற்றுவதைக் கடைசிக்கு வையுங்கள். இடம், ஆழம், வேகம், அதன் பிறகுதான் நிறம்.

தண்ணீரின் வெப்பநிலை தெரியாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மீன் துரத்தாது. ஜெர்க்பெய்ட்டை இழுத்துவிட்டுப் பத்து நொடி சும்மா விடுங்கள், கை அரிக்கும், பொறுங்கள். 13 முதல் 18 வரை மீன் ஆழத்திலிருந்து கரை நோக்கி ஏறும் காலம். லிப்லெஸ், தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட் எடுபடும். அதன்பின் ஆண் மீன் முட்டை உள்ள கூட்டைக் காக்கும். அந்த நேரத்தில் அதைத் தூக்கினால் புளூகில் கூட்டம் முட்டையைக் காலி செய்துவிடும். கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் பல மீன்பிடி வலயங்களில் ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகே பாஸ் பருவம் திறப்பதற்குக் காரணம் இதுதான். டொரொன்டோப் பக்கம் வீசுகிறவர்கள் அந்தந்த வலயத்தின் தேதியை அந்த ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். கோடையில் விடியலில் மேல்மட்ட லூர், வெயில் ஏறியதும் பாசியின் நிழல் அல்லது ஆழ விளிம்பு.

குளிர்காற்று வந்து போன மறுநாள், வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்போது கடி நின்றுபோவது வழக்கம். மீன் இடம் மாறிவிடவில்லை, பாசிக்குள் ஒட்டிக்கொண்டது. லூரைச் சின்னதாக்கி, அதே மறைவில் மூன்று நான்கு முறை மெதுவாக இறக்குங்கள். நிறம் என்றால் இவ்வளவு போதும்: தெளிந்த தண்ணீரில் பரங்கிப் பச்சை, கலங்கலில் கறுப்பும் நீலமும்.

மீன் முள்ளை விழுங்கிவிட்டது, அல்லது விட்டதும் மல்லாந்து மிதக்கிறது

விழுங்குவது பெரும்பாலும், புழுவின் நடுவில் முள் குத்தும், எடை இல்லாத வாக்கி ரிக்கில். நரம்பு நகர்ந்ததும் ஒரு நொடியில் இழுத்துவிட்டால் உதட்டில் நிற்கும். விழுங்கியிருந்து முள்ளின் வளைவு தெரிந்தால், செவுள் மூடியைத் தூக்கி, செவுள் இழைகளைத் தொடாமல், ஃபோர்செப்ஸால் வளைவைப் பிடித்துத் தலைகீழாகப் புரட்டினால் முனை தானே விடும். தெரியவில்லை என்றால் நரம்பை ஒட்ட வெட்டி விட்டுவிடுங்கள். தோண்டுவதை விட அது மீனுக்கு நல்லது.

பெரிய மீனைக் கீழ்த்தாடையில் மட்டும் பிடித்துப் படுக்கைவாட்டில் நீட்டக் கூடாது, தாடை விலகும். இன்னொரு கை வயிற்றைத் தாங்க வேண்டும். கை ஈரமாக இருக்கட்டும். பிடித்த பாஸை விடுவது இன்று அமெரிக்காவில் இயல்பாகிவிட்டது. 1972-இல் ரே ஸ்காட் தன் போட்டிகளில் மீனை உயிரோடு திருப்பி விட வைத்தது அதற்கு ஒரு பெரிய தள்ளு. ஜப்பானின் ஷிகாவில், அதே பீவா ஏரியில், பாஸ் உள்ளூர் மீன்களை அழிக்கும் அந்நிய இனம் என்பதால் 2003 முதல் பிடித்ததைத் திருப்பி விடவே தடை. ஊருக்கு ஊர் சட்டம் பாருங்கள்.

25, 30 அடிக்குக் கீழிருந்து தூக்கிய மீன் விட்டதும் மல்லாந்தால் காற்றுப்பை வீங்கியிருக்கிறது. ஊசியால் குத்திக் காற்று எடுக்கும் முறை உண்டு, ஆனால் இடம் தவறினால் உள்ளுறுப்பில் ஏறும். கற்றவர் பக்கத்தில் இல்லை என்றால் தொடாதீர்கள். தாடையில் கழன்று விடும் கிளிப்போடு ஒரு பாரத்தைக் கட்டி, பிடித்த ஆழத்துக்கே இறக்கிச் சுண்டிவிடுங்கள். அழுத்தம் கூடியதும் பை சுருங்கும், மீன் தானே நிமிர்ந்து போகும். நாள் முழுக்க அந்த ஆழத்திலேயே இப்படி மிதந்தால், லூரை எடுத்துக்கொண்டு இருபது அடிக்கும் குறைந்த ஆழமுள்ள விளிம்புக்குப் போய்விடுங்கள்.